சுகுணா டீச்சர் போன பாரிஸ்

ஷர்லி டீச்சரும் அவர் கணவர் ஜெரால்டு சாரும் மே மாதம் பாரிஸ் போகப்போகிறார்கள் என்று தெரிந்ததும், ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் சுகுணாவைத்தான் திரும்பிப் பார்த்தார்கள்.

“ஒங்களுக்கென்ன டீச்சர் கவலை? போய்ட்டு வந்த ஆளு இங்கிட்டே இருக்குல்ல” என்றார் கணக்கு டீச்சர் ராஜலட்சுமி.

“அதத்தான் நானும் சொன்னேன். ஜெர்மனியில படிக்கிறாள்ல எம் மக பிளெஸ்ஸி, அவ பிளான் போட்டுத் தாரேன்னா. நீ பரீட்சைக்குப் படிடி, எனக்கு சுகுணா இருக்கான்னுட்டேன். நாலு நாளு பாரிஸப் பாத்துட்டு, அப்புறம் ரயிலேறி அவகிட்டப் போறோம்” என்றார் ஷர்லி டீச்சர்.

சுகுணா சிரித்தாள். டிபன் பாக்ஸை மூடினாள். பாதிச் சோறு அப்படியே இருந்தது.

அவள் பாரிஸுக்குப் போனதே இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் போவதாகத்தான் இருந்தது. கணவன் சரவணக்குமாருக்கு தோஹாவில் வேலை. அவன் அங்கிருந்து வருவது, இவள் இங்கிருந்து போவது, பாரிஸில் சந்தித்துக்கொள்வது என்று ஏற்பாடு. காலாண்டு விடுமுறையோடு சேர்த்து லீவு போட்டாள். ஹெட்மாஸ்டரிலிருந்து வாட்ச்மேன் வரை ஒருவர் பாக்கியில்லாமல் சொன்னாள். டீச்சர்கள் எல்லோரும் சேர்ந்து குளிருக்கு ஒரு மெரூன் ஸ்வெட்டர் வாங்கிக் கொடுத்தார்கள். அவள் வகுப்புகளை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஷர்லி டீச்சர் ஏற்றுக்கொண்டார்.

புறப்பட இருந்த சமயத்தில் விசா இல்லையென்று பாஸ்போர்ட் திரும்பி வந்துவிட்டது.

சொல்லிவிடலாம் என்றுதான் மறுநாள் காலை பள்ளிக்கூடத்துக்குப் போனாள். எட்டாம் வகுப்புக்குள் நுழைந்தால் கரும்பலகை முழுக்கக் கலர் சாக்பீஸில் ஈஃபில் டவர். அதற்குக் கீழே ‘ஹேப்பி ஜர்னி மிஸ்’. பிள்ளைகள் எழுந்து நின்று கை தட்டின. அவளுக்கு வாய் வரவில்லை. அன்று சொல்லாதது அப்புறமும் சொல்ல முடியாததாக ஆகிவிட்டது. அந்த நாட்களைத் திருச்சியில் அக்கா வீட்டில், வாசலுக்குக்கூட வராமல் கழித்தாள். திரும்பி வரும்போது மலைக்கோட்டைப் பக்கம் ஒரு கடையில் வெளிநாட்டுச் சாக்லேட் வாங்கிக்கொண்டு வந்தாள். போட்டோ கேட்டவர்களிடம் போன் தண்ணீரில் விழுந்துவிட்டது என்றாள். போட்டோவை எல்லோரும் மறந்துபோனார்கள். பாரிஸ் போய்வந்தவள் என்ற பேர் மட்டும் நிலைத்துவிட்டது.

இப்போது ஷர்லி டீச்சர் வந்து நிற்கிறார்.

சனிக்கிழமைதோறும் மத்தியானம் குளத்தூரில் ஷர்லி டீச்சர் வீட்டு ஹாலில் உட்கார்ந்து பிளான் போட்டார்கள். வாரம் முழுக்க யூடியூப் பார்த்துப் படித்துக்கொண்டு போவாள் சுகுணா. எந்த மியூசியம் என்றைக்கு விடுமுறை, ஆற்றில் படகு எங்கே ஏற வேண்டும், சோறு கிடைக்கிற தமிழ்க் கடைகள் எந்த ஏரியாவில் இருக்கின்றன, எல்லாம் அவளுக்கு மடமடவென்று வந்தன.

“எப்படித்தான் எல்லாத்தையும் ஞாபகம் வச்சிருக்கியோ!” என்று ஷர்லி டீச்சர் வியந்துபோவார். அப்போது சுகுணாவுக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. அந்த ஆற்றங்கரையில் தான் நின்றுவிட்டு வந்தது போலவே ஒரு நிமிஷம் இருக்கும். பின்னால் நினைத்துப் பார்த்தபோது அவளை அதிகமாகக் குறுகவைத்தது இந்தச் சந்தோஷம்தான்.

ஜெரால்டு சார் மின்வாரியத்தில் இருந்து ரிட்டயர் ஆனவர். அதிகம் பேசமாட்டார். முழங்கால் மூட்டுத் தேய்ந்து, நாற்காலியில் இருந்து எழுந்திருக்கவே இரண்டு கையையும் ஊன்ற வேண்டும். “சர்வீஸ் பூரா கரண்ட் டவருக்கு அடியிலயே நின்னாச்சு. அந்த டவருக்கு அடியிலயும் ஒரு தடவ நின்னுட்டு வந்துரணும்மா” என்று மட்டும் ஒருநாள் சொன்னார்.

“நீ தங்குன ஹோட்டலு பேரு என்ன சுகுணா? நாங்களும் அங்கயே தங்கிக்கிறோம்” என்று கேட்டார் ஷர்லி டீச்சர்.

முந்தின நாள் நெட்டில் கண்ணில் பட்ட ஒரு பெயரைச் சொன்னாள்.

“லிஃப்ட் இருந்துச்சா? சாருக்கு நாலு படி ஏறுனாலே ஆகாது.”

“இருந்துச்சு டீச்சர். அங்க ஹோட்டலு, ரயில்வே ஸ்டேஷன், எங்க போனாலும் லிஃப்ட்தான்.”

ஒரு கோடை விடுமுறைக்கு தோஹா போயிருந்தபோது அப்படித்தான் இருந்தது. வெளிநாடு என்றால் எல்லாம் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் மனசு கேட்காமல் அந்த ஹோட்டலைப் பற்றித் தேடிப் பார்த்தாள். தங்கியவர்கள் எழுதியிருந்தார்கள். லிஃப்ட் கிடையாது, படிக்கட்டு குறுகல், பெரிய பெட்டியோடு வராதீர்கள். போனை எடுத்து, ‘டீச்சர், அந்த ஹோட்டல் வேண்டாம்’ என்று டைப் செய்தாள். ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது? தங்கியிருந்தவளுக்கு லிஃப்ட் இருந்ததா இல்லையா என்று தெரியாமல் இருக்குமா? அழித்துவிட்டாள். நேரில் வேறு ஏதாவது காரணம் சொல்லிக்கொள்ளலாம்.

திங்கட்கிழமை ஷர்லி டீச்சர் நுழையும்போதே சொல்லிக்கொண்டு வந்தார். “ரூம் போட்டாச்சு சுகுணா! இந்த பிளெஸ்ஸிதான் சண்டை. லிஃப்ட் இல்லன்னு எவனோ எழுதிருக்கானாம். எங்க சுகுணா தங்கிட்டு வந்துருக்கா, அவ சொல்றத நம்பவா, எவனோ எழுதுனத நம்பவான்னு கேட்டேன். வாய மூடிட்டா.”

சுகுணாவின் வாயும் மூடித்தான் இருந்தது. கடைசியில், “எதுக்கும் கீழ் ரூமாக் கேட்டு வாங்கிக்கங்க டீச்சர்” என்றாள். அதைச் சொன்னதிலேயே பாதிப் பாவம் தீர்ந்தது போல அன்று முழுக்கத் தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

மே மாதம் அவர்கள் புறப்பட்டுப் போனார்கள். மொட்டை மாடியில் வெயிலில் காய்ந்த வடகத்தை அள்ளிக்கொண்டிருந்தபோது சுகுணாவுக்கு போன் வந்தது. ஷர்லி டீச்சர்.

“சுகுணா, வந்து சேந்துட்டோம். இங்க லிஃப்ட்டக் காணோமே? ரிசப்ஷன்ல ஒரு பொம்பள இருக்கு, நாம பேசுற இங்கிலீஷ் அதுக்குப் புரியல. நாலாவது மாடிய காட்டுது. நீ வந்தப்ப லிஃப்ட் எந்தப் பக்கம் இருந்துச்சு? பின்னால வேற வழி இருக்கா?”

குரலில் ஒரு துளி சந்தேகம் இல்லை. அவருக்குப் பின்னால் யாரோ மூச்சு வாங்குவது கேட்டது.

இப்போதாவது சொல்லியிருக்கலாம். “ஒருவேளை... ரிப்பேர் வேலை நடக்குதோ என்னமோ டீச்சர்” என்றாள் சுகுணா.

“அப்படித்தான் இருக்கும். சரி, நாங்க மெதுவா ஏறிக்கிறோம். நீ மனசக் கஷ்டப்படுத்திக்காத.”

வடகத் தட்டை வைத்துக்கொண்டு மாடியிலேயே உட்கார்ந்துவிட்டாள். வெயில் சுட்டது. எழுந்திருக்கத் தோன்றவில்லை.

அடுத்த நாள் மத்தியானம் அவளே கூப்பிட்டாள். போனை எடுத்தது ஜெரால்டு சார்.

“கால் எப்படி இருக்கு சார்?”

“வீங்கிப் போச்சும்மா. கீழ இறங்க முடியல. ரூமுக்குள்ளயேதான் இருக்கேன். ஷர்லியப் போயிப் பாத்துட்டு வான்னா, அவளும் போகமாட்டேங்கிறா. ஜன்னலத் தொறந்தா எதுத்தாப்புல ஒரு சுவரு. அதப் பாத்துக்கிட்டு இருக்கோம்.” சிரிக்க முயன்றார்.

“சார், நான் பாரிஸுக்குப் போனதே இல்ல.”

சுகுணா நிறுத்தாமல் சொன்னாள். விசா கிடைக்காதது, திருச்சி, எல்லாவற்றையும்.

“லிஃப்ட் இருக்கா இல்லையான்னு தெரியாமச் சொல்லிட்ட. அப்படித்தானம்மா?” என்று கேட்டார் அவர். அவளுக்கு ஒரு வழி விட்டுக் கொடுப்பது போல இருந்தது அந்தக் கேள்வி.

“சொல்லும்போது தெரியாது சார். அன்னைக்கே தெரிஞ்சுருச்சு. தெரிஞ்சும் சொல்லல.”

“இதை எங்கிட்டச் சொல்லிப் பிரயோஜனமில்ல” என்று சொல்லி, “இந்தா, சுகுணா. ஒங்கிட்ட ஏதோ சொல்லணுமாம்” என்று சார் போனை மனைவியிடம் கொடுத்துவிட்டார்.

இரண்டாம் தடவை சொல்வது முதல் தடவையைவிடக் கஷ்டமாக இருந்தது. ஷர்லி டீச்சர் திட்டுவார், அழுவார் என்று சுகுணா காத்திருந்தாள்.

“அத்தன நாளும் ஒன் கிளாஸையும் சேத்து நான்தான் எடுத்தேன் சுகுணா” என்றார். “சாயங்காலமானா தொண்டை கட்டிக்கிரும். அவ அங்க சந்தோஷமா இருப்பான்னு நெனைச்சுக்குவேன்.”

போன் துண்டிக்கப்பட்டது.

அன்றே சுகுணா லிஃப்ட் உள்ள வேறு ஹோட்டல்களைத் தேடி அனுப்பினாள். ஷர்லி டீச்சர் அவற்றைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. இனிமேல் தான் அனுப்புவதை யார் நம்புவார்கள் என்று அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. தோஹாவுக்குக் கூப்பிட்டுச் சொன்னபோது சரவணக்குமார், “விடு, வேணும்னா செஞ்ச?” என்றான். “வேணும்னுதான் செஞ்சேன்” என்றாள்.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தது. ஷர்லி டீச்சர் சுகுணாவின் பக்கத்து நாற்காலியை விட்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்தார்.

“பாரிஸ் எப்படி இருந்துச்சு டீச்சர்?” என்று எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள்.

“நல்லா இருந்துச்சு. சாருக்குத்தான் காலு முடியல. பிளெஸ்ஸி படிப்ப விட்டுட்டு ஓடி வந்து எங்கள வேற இடத்துக்கு மாத்துனா. டவர டாக்ஸியில இருந்தே பாத்தோம். சார் மட்டும் கதவப் புடிச்சுக்கிட்டு எறங்கிக் கொஞ்ச நேரம் நின்னாரு.”

“என்ன இருந்தாலும் சுகுணா பிளான்ல போனது. ஒரு குறை இருந்திருக்காதே!” என்றார் ராஜலட்சுமி.

ஷர்லி டீச்சர் தலையைக் குனிந்துகொண்டு, “ஆமா, எல்லாம் கரெக்டா இருந்துச்சு” என்றார். சொல்லிவிட்டுத் தண்ணீர் பாட்டிலைத் தேடுவது போலப் பைக்குள் கையை விட்டார். மார்க் ஷீட்டில் அரை மார்க்கைக்கூட அதிகமாகப் போட மனம் வராத மனுஷி. அவர் வாயில் ஒரு பொய். அது யாருக்காக என்று சுகுணாவுக்குத் தெரியும்.

அவள் எழுந்து நின்றாள்.

“கரெக்டா இல்ல. நான் பாரிஸுக்குப் போகவே இல்ல. அப்ப எனக்கு விசா கிடைக்கல. திருச்சியில அக்கா வீட்டுல இருந்தேன். பொய் சொல்லி டீச்சர லிஃப்ட் இல்லாத எடத்துக்கு அனுப்புனேன். சார் படுத்துக் கெடந்தது என்னாலதான்.”

ராஜலட்சுமி வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். யாரும் கூடச் சிரிக்காததைக் கண்டு நிறுத்தினார். “அப்ப அந்தச் சாக்லேட்டு?”

“மலைக்கோட்டைக் கடையில வாங்குனது.”

மூலையில் யாரோ களுக்கென்றார்கள். மணி அடித்தது. ஒவ்வொருவராக நோட்டுகளை எடுத்துக்கொண்டு, அவளைப் பார்க்காமல் வகுப்புக்குப் போனார்கள். மதியத்துக்குள் பிள்ளைகள் வரைக்கும் பரவிவிட்டது. அவள் வராந்தாவில் போனால் பின்னால் ‘பாரிஸ் மிஸ்’ என்று ஒரு குரல் வரும். திரும்பிப் பார்க்கமாட்டாள். காது மட்டும் சூடாகும். மெரூன் ஸ்வெட்டரை ஒரு நாள் கொண்டுவந்து ராஜலட்சுமியிடம் கொடுத்தாள். “இதை வாங்கி நாங்க என்ன பண்ண?” என்று கேட்டார் அவர். அதுவும் சரிதான் என்று திரும்ப வீட்டுக்கே எடுத்துப் போனாள்.

அந்த வாரக் கடைசியில் பஸ் ஸ்டாப்பில் ஷர்லி டீச்சர் பக்கத்தில் வந்து நின்றார். ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“சார் ஒன்னய வந்துட்டுப் போகச் சொன்னாரு.”

சுகுணா திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள்.

“நான் சொல்லல. எனக்கு இன்னும் மனசு ஆறல. அவருதான் சொன்னாரு. நீ வந்தா காப்பி போட்டுத் தருவேன். பேசச் சொல்லாத.”

“வாரேன் டீச்சர்.”

சனிக்கிழமை போனாள். கேட்டுக்கு வெளியே செருப்பைத் தேய்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். திரும்பிப் போய்விடலாமா என்றிருந்தது. அதற்குள் ஜெரால்டு சார் பார்த்துவிட்டார். கம்பை ஊன்றி, ஒரு காலை இழுத்து இழுத்து வாசலில் இறங்கினார்.

“நீங்க வராதீங்க சார், நானே தொறந்துக்கிறேன்!” என்று பதறினாள்.

“இருக்கட்டும்மா, கொண்டி கொஞ்சம் இறுக்கம்” என்று சொல்லிக்கொண்டே அவர் வந்தார். அவர் கேட்டைத் திறக்கும்வரை சுகுணா தலை நிமிராமல் வெளியிலேயே நின்றாள்.