எல்லோருக்கும் ஒரே பதில்

கேள்வி கேட்க யார் வருவதாக இருந்தாலும் முதல் நாள் மாலை கிருபாகரன் வீட்டில் ஒத்திகை நடக்கும். பாடி, அம்பத்தூர், முகப்பேர் பக்கங்களில், முகாமுக்கு வெளியே வாடகைக்கு இருக்கும் இலங்கை அகதிக் குடும்பங்களுக்கு அவர்தான் தலைவர். யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. ஒரு காலத்தில் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு காவல் நிலையத்துக்குள் முதலில் நுழைந்தவர் அவர் என்பதால் அப்படி ஆகிவிட்டது. போலீஸ் கேட்டால், நாடு சரியானதும் போய்விடுவோம். பாதிரியார் கேட்டால், பிள்ளைகளின் படிப்புதான் கவலை. கட்சிக்காரர்கள் கேட்டால், நீங்கள் இருக்கும்போது எங்களுக்கு என்ன குறை. இந்த முறை வருவது ஓர் ஆய்வு நிறுவனம். போரால் இடம்பெயர்ந்தவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கணக்கெடுக்கிறார்களாம். அதற்கான பதில், இங்கேயே இருக்கிறோம், குடியுரிமை வேண்டும்.

"இன்னொரு விசயம்," என்றார் கிருபாகரன். "எங்கட பாஷையில கதையுங்கோ. இஞ்சத்த ஆக்கள் மாதிரிக் கதைச்சா, இவைக்கு என்ன குறை எண்டு நினைப்பினம்."

அதுதான் பெரிய கூத்து. உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் இங்கே பிறந்தவர்கள். மீன்காரனிடம் "இன்னாண்ணா இந்த வெலை சொல்றே" என்று சண்டை போடுகிறவர்கள். அவர்கள் வாயைக் கோணிக்கொண்டு 'கதைக்கிறம்', 'இருக்கிறம்' என்று பழகினார்கள். மகள் அருள்மொழி சிரித்துவிட்டாள்.

"அப்பா, நான் பேசறது எனக்கே டப்பிங் படம் மாதிரி கீதுப்பா."

"சிரி, சிரி. பாஸ்போர்ட் இல்லாம நிக்கேக்க தெரியும்."

கிருபாகரனின் மனைவி தவமலர் தேநீர்த் தட்டை ஏந்தி ஒவ்வொருவர் முன்னும் குனிந்தாள். கணவரையோ மற்றவர்களையோ பார்த்து அவளுக்கு இப்போதெல்லாம் கோபம் வருவதில்லை. கோபப்படவும் எதிராளிமேல் கொஞ்சம் மரியாதை வேண்டும். குண்டுக்கும் கடலுக்கும் தப்பி வந்தவர்கள், யாரோ ஒருவர் என்ன நினைக்கிறாய் என்று கேட்டால் பக்கத்தில் இருப்பவன் முகத்தைப் பார்க்கிறார்கள். தன்னையும் அவள் அந்தக் கூட்டத்தில்தான் வைத்திருந்தாள். இத்தனை வருடமாக இந்த ஒத்திகைகளுக்குத் தேநீர் போட்டவள் வேறு யார்?

ஆனால் இந்த முறை அவளிடம் வேறு பதில் இருந்தது. மன்னார்ப் பக்கம், ராணுவம் பிடித்து வைத்திருந்த அப்பாவின் வீட்டை ஆமிக்காரர் விட்டுவிட்டார்கள். தம்பி கூரை போட்டுவிட்டு, வாறதெண்டால் வா அக்கா என்று போனில் சொல்லியிருந்தான். போவது என்று அவள் முடிவு செய்துவிட்டாள். கணவரிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் ஒரு கூட்டம் போடுவார். சொல்வது யாருக்கும் தெரியவராது என்று ஆய்வுக்காரர்கள் உறுதி தந்திருந்தார்கள். முன்பின் தெரியாத ஒருவரிடமாவது அதை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கலாம் என்று தோன்றியது.

மறுநாள் மொட்டை மாடியில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டார்கள். வீட்டுக்காரர் எத்திராஜ் படியேறி வந்து எட்டிப் பார்த்தார். "இன்னா கிருபா, ஊட்ல விசேஷமா? சாப்பாடு உண்டா, வெறும் பேச்சுதானா?"

தவமலரிடம் கேள்வி கேட்டது ஸ்வாதி என்ற பெண். மடியில் டேப்லெட். ஊசி போட வந்த நர்ஸ் குழந்தையிடம் பேசுகிற குரல்.

"பயப்படாம சொல்லுங்கம்மா. போர்ல யாரையாவது இழந்தீங்களா?"

"அண்ணனை."

ஸ்வாதி 'ச்சு' கொட்டினாள். சரியாக அளந்து வைத்திருந்த ஒரு 'ச்சு'. விரல் அதற்குள் அடுத்த கேள்விக்குப் போய்விட்டது.

"மூணு சாய்ஸ் இருக்கும்மா. இங்கேயே இருக்கறது, திரும்பிப் போறது, வேற நாட்டுக்குப் போறது."

"திரும்பிப் போறது."

"கேள்வி புரிஞ்சுதாம்மா? எல்லாரும் இங்கேயே இருக்கோம்னுதான் சொன்னாங்க."

"விளங்கிச்சுது."

"சரி, காரணம்? சொத்து, உறவினர், பாதுகாப்பு, மற்றவை."

தவமலர் நிஜமாகவே யோசித்தாள். காரணத்தை அவளிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை, அவளும் கேட்டுக்கொண்டதில்லை. "இஞ்ச நான் இருக்கிறதுக்கு ஆரையாவது கேட்டுக்கொண்டே இருக்க வேணும் பிள்ளை. அங்க கஷ்டம்தான், ஆமிக்காரனும் நிப்பான். ஆனா அது என்ர வீடு. இருக்கட்டோ எண்டு கேக்கத் தேவையில்லை."

ஸ்வாதி தலையாட்டிக்கொண்டே தட்டினாள். தவமலர் எட்டிப் பார்த்தாள். 'மற்றவை' பக்கத்தில், 'சொந்த ஊர்ப் பாசம்' என்று இருந்தது.

அந்த வாரக் கடைசியில் ஆய்வு நிறுவனத்திலிருந்து கிருபாகரனுக்குப் போன் வந்தது. ஸ்வாதிக்கு மேலே இருக்கும் ஜெகன். உங்கள் ஆட்கள் எல்லோரும் ஒரே மாதிரி சொல்லியிருக்கிறார்கள், ஒன்று மட்டும் உதைக்கிறது, அது உங்கள் வீட்டில்தான், மறுபடி கேட்டுச் சரிபார்க்க வேண்டும் என்றான். அவர்கள் காப்பாற்றிய ரகசியம் அவ்வளவுதான்.

கிருபாகரன் சத்தம் போடவில்லை. "நீ விளங்காமச் சொல்லிப்போட்டாய் எண்டு சொல்லியிருக்கிறன். ஞாயிற்றுக்கிழமை வருவார். சரியாச் சொல்லிவிடு. ஒருத்தி போறன் எண்டாலே, எல்லாரையும் ஏத்தி அனுப்பிப்போடுவாங்கள்."

அந்தக் கடைசி வாக்கியம் அவளைத் தைத்தது. அதில் அசட்டுத்தனம் மட்டும் இல்லை, கொஞ்சம் நியாயமும் இருந்தது. அருள்மொழியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவள் தலை துவட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நீ போம்மா. உனக்கு அது ஊரு. எனக்கு பாடிதான். என்னையும் சேத்து எழுதிடாதே, அவ்ளோதான்."

ஞாயிற்றுக்கிழமை ஜெகன் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். அவனுக்குப் பக்கத்திலேயே கிருபாகரன்.

"சும்மா ஒரு டபுள் செக்தான் மேடம். நூறு பர்சென்ட்னு ரிப்போர்ட் போனா பளிச்னு இருக்கும். ஒண்ணு இப்படி நின்னா மேல இருந்து நூறு கேள்வி வரும்."

"அவவுக்கு இஞ்ச இருக்கத்தான் விருப்பம்," என்றார் கிருபாகரன்.

"மேடம் வாயால சொல்லட்டும் சார்." சொல்லும்போதே அவன் விரல் 'இங்கேயே இருப்பது' என்பதற்கு மேல் தயாராக நின்றது.

தவமலர் அந்த விரலைப் பார்த்தாள். பிறகு கணவரை. அவர் கண்கள் கெஞ்சின. கெஞ்சல் தனக்காக இல்லை, அந்த நூறுக்காக என்று அவளுக்குத் தெரிந்தது.

"நான் போறன்," என்றாள். "நான் மட்டும். மற்ற ஆக்களுக்கு இஞ்சதான் இருக்க விருப்பம். என்ர பிள்ளைக்கும். அதையும் வடிவா எழுதுங்கோ."

"அப்படிப் பிரிச்சு எழுத இதுல இடமில்லையே மேடம்." ஜெகன் பின்கழுத்தைச் சொறிந்தான். சட்டென்று முகம் தெளிந்தது. "ஒண்ணு பண்ணலாம். உங்களைக் கணக்குல இருந்தே எடுத்துடறேன். உங்களுக்கும் தொந்தரவு இல்ல, எங்களுக்கும் தொந்தரவு இல்ல."

"அப்ப நூறுதானே தம்பி?" என்றார் கிருபாகரன்.

மனைவி போகிறேன் என்று சொன்ன பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அதுதான். நூறுதான் சார் என்று ஜெகன் சொன்னதும் அவர் தோள்கள் இறங்கின. முகத்தில் ரத்தம் திரும்பியது. திருமணமான நாளிலிருந்து அந்த முகத்தில் இப்படி ஒரு நிம்மதியைத் தவமலர் பார்த்ததில்லை. இவரிடம் சொல்லவா இத்தனை நாள் பயந்தோம் என்று இருந்தது. அந்தப் பயம்கூட அவருக்கு அதிகம்.

ஜெகனை வாசல்வரை அனுப்பிவிட்டு வந்த பிறகுதான் மற்றது அவருக்கு உறைத்தது.

"மெய்யாவே போகப்போறியோ?"

"அருளின்ர பரீட்சை முடியப் போறன். நீங்கள் வாறியளோ?"

கேட்டுவிட்டு அவள் காத்திருந்தாள். எவ்வளவு ஏளனம் இருந்தாலும், அந்தக் கொஞ்ச நேரம் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். வருகிறேன் என்று சொல்லலாம். வரமாட்டேன், நீ போகாதே என்று சொல்லலாம். எதுவானாலும் அது அவருடைய சொல்லாக இருக்கும்.

கிருபாகரன் மோவாயைத் தடவினார்.

"ஆக்களோட ஒருக்காக் கதைச்சிட்டுச் சொல்லுறனே."

தவமலர் போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள். தம்பி எடுத்ததும், எத்தனை பேர் அக்கா வாறியள் என்று கேட்டான்.

"நான் ஒராள்தான்ரா," என்றாள். "ஒரு அறையைத் துப்புரவாக்கி வை, எனக்கு அது காணும்."