தூரக் குழாய்க்கு விட்ட இடம்

சுமித்திரா ஹெட்ஃபோனைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"நல்லாத்தான் இருக்கு, விதுசன். ஆனா இது ஆரோ செய்த பாட்டு."

"நான்தானே அக்கா செய்தனான்."

"அதைத்தான் சொல்லுறன். நீர்தான் செய்தனீர். கேக்கேக்க வேற ஆரோ செய்த மாதிரிக் கிடக்கு."

அவள் சொன்னது சரி என்பது விதுசனுக்குத் தெரியும்.

ஊர்காவற்றுறையில், வீட்டின் பின்னறையில் இருந்து அவன் பாட்டுகளுக்கு இசையமைத்து ஒலிப்பதிவு செய்கிறான். பெண்பிள்ளைகளின் சாமத்தியவீட்டு வீடியோவுக்கு, பிறந்தநாளுக்கு, திருவிழாவுக்கு என்று ஆட்கள் வருவார்கள். வரும்போதே ஃபோனில் ஒரு பாட்டைப் போட்டுக் காட்டி, இது மாதிரி வேணும் என்பார்கள். அது மாதிரியே செய்து கொடுப்பான். அச்சொட்டாய்ச் செய்வான் என்று அவனுக்குப் பெயர்.

சுமித்திரா எதையும் போட்டுக் காட்டவில்லை. அவள் சரவணை என்ற ஊரில் இருந்து பஸ்ஸில் வந்து இங்கே பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவள். பாட்டைத் தானே எழுதி, தானே மெட்டுப் போட்டிருந்தாள். பையோடு துறைக்கு வந்த ஒருத்தி வள்ளத்தில் ஏறாமல் நிற்கிறாள். 'வள்ளம் வெளிக்கிட்டுது, நான் வெளிக்கிடேல்லை' என்று பாட்டுத் தொடங்கும். இப்படி ஒரு பாட்டு அவனிடம் முன்னர் வந்ததில்லை. இதை விட்டால் இனி வரும் என்றும் அவன் நம்பவில்லை. இதில் தன் பெயர் இருக்கவேண்டும் என்று ஆசைப்பட்டான்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் சரிவராவிட்டால் யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோய்ச் செய்விப்பேன் என்று அவள் சொல்லியிருந்தாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவனைப் பயப்படுத்தியது.

அடுத்த தடவை பாட்டில் ஊரைக் கொண்டுவந்தான். துறையடிக்குப் போய் அலையைப் பதிந்தான், வள்ளத்து எஞ்சினைப் பதிந்தான். உடுக்கும் சேர்த்தான். சுமித்திரா பாதி கேட்பதற்குள் சிரித்துவிட்டாள்.

"இதென்ன, சுற்றுலா விளம்பரமே? கடைசியில ஹோட்டல் நம்பரும் சொல்லுவீரோ?"

அலையை எடுத்தான். எஞ்சினையும் உடுக்கையும் எடுத்தான். அவள் பாடிப் பழகுவதற்கென்று மிஞ்சியதை மட்டும் அனுப்பினான். தாளமும் அடிச்சுருதியும் கொஞ்சம் கிற்றாரும்தான் இருந்தன. வயலின் கூட்டம், புல்லாங்குழல் எல்லாவற்றையும் அவன் எப்போதும் கடைசியில்தான் போடுவான். அந்த வேலைக்கு அவன் வைத்திருந்த பெயர் ஓட்டை அடைக்கிறது.

சனிக்கிழமை பின்னேரம் அவள் அந்த அறைக்கு வந்து அதற்குப் பாடிப் பார்க்க, அவன் பதிந்துகொண்டிருந்தபோது அம்புறோஸ் வந்தார். சவுண்ட் சேர்விஸ் வைத்திருப்பவர். இந்த வேலைக்கு வரமுன்னர் விதுசன் அவரிடம்தான் உதவியாளாய் நின்றான். வயர் இரவல் கேட்க வந்தவர் வாசலில் நின்று பாட்டைக் கேட்டார்.

"டேய், கோயில் அறிவித்தலுக்குப் பாட்டும் போட்டு வைச்சிருக்கிறாய்!"

"என்ன அண்ணை?"

"ஒவ்வொரு வரிக்கும் தூரக் குழாய்க்கு விட்டிருக்கிறாயெல்லோ! இந்த அறைக்குள்ள எங்கையடா குழாய்? கட்டிலுக்குக் கீழயோ?"

தன் பகிடிக்குத் தானே சிரித்தபடி வயரை எடுத்துக்கொண்டு போனார். விதுசனுக்கு முகம் சுட்டது.

"என்ன சொல்லிப்போட்டுப் போறார்?" என்று சுமித்திரா கேட்டாள்.

சொல்லவேண்டியதாயிற்று. திருவிழாவுக்குக் குழாய் ஒலிபெருக்கிகளைக் கோயிலில் இருந்து சந்திவரை பனைகளில் கட்டுவார்கள். கிட்டக் குழாய் சொன்ன சொல்லைத் தூரக் குழாய் கொஞ்சம் பிந்திச் சொல்லும். அறிவிப்பவர் நிற்காமல் பேசினால் இரண்டும் கலந்து ஒன்றும் விளங்காது. ஒரு வரி சொல்லி, தூரக் குழாய் முடிக்கும்வரை நின்று, பிறகுதான் மற்ற வரி. அறிவித்தல்களை விதுசன் அப்படித்தான் பதிந்து பழகினான். பாட்டுச் செய்யத் தொடங்கியபோதும் கை அப்படியே போனது. ஃபோனில் கேட்கிற பாட்டுக்கும் வரிக்கு வரி இடம் விட்டான். அந்த இடங்களைத்தான் கடைசியில் வயலினால் மூடுவான்.

"அப்ப எல்லாப் பாட்டிலயும் இது இருக்கோ?"

"அடியில இருக்கும். வெளிய தெரியாது."

"மூடாமல் விட்டால் என்ன?"

"பிழையெண்டு சொல்லுவினம் அக்கா. என்னவோ குறையுது எண்டுவினம்."

"பாடேக்க எனக்குக் குறையேல்லை," என்றாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. "நாளைக்குப் பூசை முடிய வாறன்."

அவள் போனபின் விதுசன் பாட்டை முதலில் இருந்து போட்டான். எல்லா இடங்களையும் மூடிக் கேட்டான். எல்லோருடைய பாட்டையும் போல இருந்தது. எல்லாவற்றையும் திறந்து கேட்டான். அறிவித்தல் மாதிரியே இருந்தது. அம்புறோஸ் சொன்னதிலும் பிழை இல்லை.

பிறகு ஒவ்வொன்றாய் எடுத்தான். 'கையில பை கிடக்குது' என்ற வரிக்குப் பின் ஓர் இடம் இருந்தது. பை கிடந்தால் கிடக்கட்டும். அதற்குப் பின் யாரும் எதற்கும் காத்திருக்கப் போவதில்லை. அந்த இடத்தை வெட்டி அடுத்த வரியை ஒட்டினான். அப்படி இன்னும் சில போயின. 'வெளிக்கிடேல்லை' என்பதற்குப் பின்னால் இருந்ததை அப்படியே விட்டான். 'அம்மா கேட்டால் என்ன சொல்ல' என்ற வரிக்கு வந்து நின்றான். அங்கே விட்டிருந்தது போதாது. கூட்டினான். தாளத்தையும் நிறுத்தினான். பாட்டு நின்றுபோனது என்று கேட்பவன் நினைக்கும் அளவுக்கு ஆனது. பயத்தில் மெல்லிய வயலின் ஒன்றை அதில் வைத்தான். கேட்டான். எடுத்துவிட்டான்.

ஞாயிறு சுமித்திரா பூசைக்கு உடுத்த சேலையோடு வந்து உட்கார்ந்தாள். அந்த நீண்ட இடம் வந்தபோது திரும்பிக் கணினித் திரையைப் பார்த்தாள். நேரம் காட்டும் கோடு ஓடிக்கொண்டுதான் இருந்தது. அவனைப் பார்த்தாள். அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்த வரி வந்தது.

பாட்டு முடிய, இன்னொருமுறை போடச் சொன்னாள்.

"நிண்டுபோச்செண்டு நினைச்சன்."

"கேக்கிற ஆக்களும் அப்பிடித்தான் நினைப்பினம்."

"மூடப் போறீரோ?"

"இல்லை." சொன்னபின்தான் தான் முடிவெடுத்துவிட்டது அவனுக்குத் தெரிந்தது. "ஃபோனைத் தட்டிப் பாப்பினம். பாக்கட்டும்."

"பை கிடக்கிற வரியில நேற்று ஓர் இடம் இருந்தது. அதைக் காணேல்லை."

"அது பழக்கத்தில விட்டது. எடுத்திட்டன்."

"மற்றது?"

"மற்றது நான் விட்டது."

சுமித்திரா கைப்பையில் இருந்து தண்ணீர்ப் போத்தலை எடுத்துக் குடித்தாள்.

"யாழ்ப்பாணத்துக்கு எப்ப போறியள்?" அவன் கேட்டுவிட்டான்.

"என்னத்துக்கு? குரலை எடும். நேற்றுப் பாடினது சரியில்லை. அந்த இடத்தில நான் அவசரப்பட்டனான்."

அவன் யன்னலைச் சாத்தினான். விசிறியின் சத்தம் பதியும் என்று அதையும் நிறுத்தினான். அறை உடனேயே புழுங்கத் தொடங்கியது. சுமித்திரா சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு மைக்குக்குக் கிட்டப் போனாள்.