இருபத்துமூன்றாவது வண்டி

1

சாக்குக்கட்டி இராமையாவின் விரல்களுக்குள் ஒடிந்தது. மிச்சத் துண்டால் தோட்ட ஆபீஸ் மேசையில் அவசர அவசரமாக வளைவை வரைந்தார். ஒரு கோடு மலைப்பக்கம். ஒரு கோடு பள்ளத்துப் பக்கம். எதிரே இன்ஸ்பெக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கதவோரம், தலையில் கட்டோடு, லொறி டிரைவர் மூக்கன்.

"சீக்கிரம் வை, கிளாக்கர். லொறி எங்கே?"

இராமையா பிஸ்கட் தகரத்தைத் திறந்தார். பஞ்சுக்கு நடுவே விரல் நீளக் கார்கள், லொறிகள், ஒரு பஸ். உலோகத்தில் வார்த்து, வர்ணம் பூசி, சக்கரம் உருள்கிற சீமைச் சாமான்கள். பச்சை லொறியை எடுத்தார். அவர் கை நடுங்கிய

(நிறுத்துகிறேன். கை நடுங்கவில்லை. நடுங்கியதாக எழுதினால் நீங்கள் இரக்கப்பட்டுவிடுவீர்கள். இப்போதைக்கு யார்மேலும் இரக்கம் வேண்டாம்.)

2

கதை வந்த வழியைச் சொல்லிவிடுகிறேன். நான் வாரப் பத்திரிகைக்குத் தொடர்கதை எழுதிப் பிழைப்பவன். போன மாதம் அட்டன் ஸ்டேஷனில் ரயில் தாமதம். பக்கத்து பெஞ்சில் ஒருவர் ஒரு சின்னக் காரைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தார். பேச்சுக் கொடுத்தேன். இராமையா; வட்டகொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கிளாக்கர். தோட்டத்தின் பெயர் வேண்டாம்.

அவர் சொன்னது இது. 1959 மார்ச். கொழுந்து ஏற்றி மேடு ஏறி வந்த லொறி வளைவில் பள்ளத்துப் பக்கம் புரண்டது. சாக்குகளின்மேல் உட்கார்ந்து வந்த கொழுந்து பறிக்கும் வேலாயி அந்த இடத்திலேயே செத்துப்போனாள். மூக்கன் தூங்கிவிட்டான் என்கிறது தோட்டம். "எறங்கி வந்த சின்னதுரை கார் என் பக்கத்துல வந்துச்சு" என்கிறான் மூக்கன். மலை ரோட்டில் ஏறுகிற வண்டிக்குத்தான் வழி. ஏறுகிறவன் மலையை ஒட்டி வருவான். இறங்குகிறவன் பள்ளத்துப் பக்கம் ஒதுங்கி நிற்கவேண்டும். சீமையிலிருந்து வந்த சின்னதுரைக்கு, தோட்டத்து உதவி மானேஜருக்கு, பள்ளத்தைக் கண்டால் தலை சுற்றும். ஏறும்போதும் இறங்கும்போதும் மலையைத்தான் உரசுவார். ஆனால், கார் அன்று அந்தப் பக்கமே வரவில்லை என்பது துரைமார் பேச்சு.

பார்க்கக்கூடிய இடத்தில் இருந்தவர் ஒரே ஆள். வளைவுக்கு நேர் மேலே, கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் நின்ற இராமையா.

வருகிற வியாழக்கிழமை நுவரெலியா கோர்ட்டில் வழக்கு. தோற்றால் மூக்கனுக்கு மறியல் வீடு, ஜெயில். அவன் பெண்டாட்டி பேச்சியம்மாவும் மூன்று பிள்ளைகளும் தோட்டம் கொடுத்த லயத்துக் காம்பிராவை, அந்த ஒற்றை அறை வீட்டை, காலி பண்ணவேண்டும்.

(கவனித்தீர்களா? கிளாக்கருக்கு 'அவர்', டிரைவருக்கு 'அவன்'. தராசு என் கையிலேயே சாய்கிறது. என்னையும் சந்தேகப்படுங்கள்.)

இராமையா இதை எனக்கு மூன்று தடவை சொன்னார். முதல் தடவை, தன்னிடம் இருப்பது இருபத்துமூன்று வண்டி என்றார். இரண்டாம் தடவையும் இருபத்துமூன்று. மூன்றாம் தடவை, "தகரத்தை அப்படியே தூக்கிக்கிட்டு விசாரணைக்குப் போனேன், இருபத்திரண்டு வண்டி" என்றார்.

பெற்ற பிள்ளையின் பிறந்த நாளை மறந்தாலும், வண்டி சேர்க்கிறவன் எண்ணிக்கையை மறக்கமாட்டான். ஒன்று வீட்டிலேயே தங்கியிருக்கிறது. எது? ஏன்?

3

மறுபடி மேசைக்கு வருவோம்.

பச்சை லொறியைப் பள்ளத்துக் கோட்டின்மேல் சாய்த்து வைத்தார் இராமையா. குனிந்து, ஒற்றைக் கண்ணை மூடி, நகத்தால் தள்ளி, நெல்லளவு திருத்தினார். லொறி உண்மையாகவே விழப்போவதுபோல் நின்றது.

"வேறே வண்டி இருந்ததா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"இல்லீங்க."

இன்ஸ்பெக்டர் குடித்து முடித்த தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்தார். மலைப்பக்கக் கோட்டை ஒட்டி, லொறிக்கு எதிரே. அடுத்த நொடி இராமையாவின் கை பாய்ந்து கோப்பையை அப்பால் நகர்த்தியது.

"அங்க வைக்காதீங்க!"

மூக்கன் கதவை விட்டு ஓரடி முன்னால் வந்தான்.

"ஏங்க கிளாக்கரய்யா? கோப்பை வச்சா என்ன? அந்த எடத்துல என்ன நின்னுச்சு?"

"ரோடுப்பா. ரோட்டுல யாராச்சும் கோப்பை வப்பாங்களா?"

"ரோடு இந்த மேசை முழுக்கத்தான் கெடக்கு. மைக்கூடு ரோட்டுலதான் இருக்கு. உங்க மூக்குக்கண்ணாடி ரோட்டுலதான் இருக்கு. அதையெல்லாம் தள்ளலியே! போன தீவாளிக்கு ஒரு காரை எங்கையில குடுத்துட்டு, 'மூச்சு விடாதடா, பெயிண்ட் மங்கிரும்'னு சொன்ன ஆளு நீங்க. உங்க வாய் பொய் சொல்லும். கை சொல்லாதுங்க."

"நீ பேசாதே," என்றார் இன்ஸ்பெக்டர்.

விசாரணைக் காகிதத்தில் எழுதப்பட்டது: வேறு வண்டி இல்லை.

4

இந்த இடத்தில் முடிவு எழுத உட்கார்ந்தேன்.

முதல் முடிவு: பயம். வாய் திறந்தால் வேலை போகும், குவார்ட்டர்ஸ் போகும். பாவம் இராமையா. எழுதிப் பார்த்தேன், அழகாகத்தான் வந்தது. அழகாக வந்ததாலேயே சந்தேகம். மூன்று தடவை சொன்ன மனிதர் ஒரு தடவைகூடப் பயந்ததாகச் சொல்லவில்லையே?

இரண்டாவது முடிவு: மழை. பங்களா வாசல். சின்னதுரை வேட்டைத் துப்பாக்கியை மெதுவாக உயர்த்தி, "இராமையா, உன் கண்கள் எதையும்

(பழக்கதோஷம். கிழித்துவிட்டேன்.)

5

ஞாயிற்றுக்கிழமை பகல் வட்டகொடையில் இறங்கி நேரே அவர் குவார்ட்டர்ஸுக்குப் போனேன். தகரத்தைக் கேட்டேன். தயங்காமல் கொடுத்தார். ஒவ்வொன்றாக எடுத்து வரிசையில் வைத்தேன். இருபத்துமூன்று. கடைசியாக வந்தது கூரையில்லாத சிவப்புக் கார். மற்றதெல்லாம் மூலையில் வர்ணம் உதிர்ந்தவை. இதில் கீறல்கூட இல்லை.

"விசாரணைக்குப் போகாத வண்டி இதுதானே?"

ஆமென்று தலையை ஆட்டினார்.

"சின்னதுரை கொடுத்தாரா?"

"அவருதுதான் சார். அவரு மேசைமேல இருந்துச்சு. ரெண்டு வருசமா பாத்துக்கிட்டிருந்தேன். கொழும்புக் கடையில எல்லாம் தேடிட்டேன், கெடைக்கல."

"வாயை மூட லஞ்சமா?"

காரை வாங்கி, சட்டை நுனியால் என் விரல் பட்ட இடத்தைத் துடைத்தார்.

இனி, வாசகரே, முடிவு உங்கள் பொறுப்பு. வியாழக்கிழமை கூண்டில் இராமையா ஏறுவார். "வேறு வண்டி இருந்ததா?" என்று அதே கேள்வி வரும். கீழே பேச்சியம்மா பிள்ளைகளோடு நிற்பாள். அவர் என்ன சொல்வார் என்று நான் எழுதப்போவதில்லை. எப்படி எழுதினாலும் அது என் வசதிக்கு எழுதியதாகத்தான் இருக்கும். நீங்கள் எழுதுங்கள். அதற்குமுன் அன்று வாசல்படியில் அவர் சொன்னதை மட்டும், ஒரு சொல்லும் மாற்றாமல் தந்துவிடுகிறேன்.

"லஞ்சம்னு சொல்லாதீங்க சார், அவரு பாவம். விபத்து நடந்த மறுநாள் காலையில மடுவத்துக்கே வந்தாரு. மொகத்துல ரத்தமே இல்ல. 'இராமையா, நீ பாத்ததை அப்படியே இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லிரு, நானும் ஒத்துக்கிறேன்'னாரு. நாந்தான் வேணாம்னேன். சொல்லாம இருக்கேன், அந்தச் செவப்புக் காரை மட்டும் குடுங்கன்னு நாந்தான் சார் கேட்டேன்."