எண்ணெய்க் கை

வளையல் மூட்டை மறுபடியும் திரும்பி வந்திருந்தது. போட்ட முலாம் வெங்காயத் தோல் மாதிரி உரிகிறதாம். இன்னொரு தடவை உரிந்தால் வேறு பட்டறை பார்த்துக்கொள்வதாகக் கடைக்காரர் சொல்லிவிட்டார். வீட்டிலேயே முலாம் பூசும் அந்தத் தம்பதிக்கு வேலை கொடுப்பது அந்த ஒரு கடைதான்.

"நீ சரியாக் கழுவலை," என்றான் கணவன்.

"ஆமா, மழை பெய்யலைன்னாலும் நான்தான் காரணம்."

அதற்கு மேல் சண்டை போட இருவருக்குமே தெம்பில்லை. பழைய முலாமை நீக்கிவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். பித்தளை வளையல்களை அவள் சலவைச் சோடாத் தண்ணீரில் தேய்த்து, அமிலத்தில் முக்கி, அலசிக் கொடுப்பாள். அவன் கம்பியில் கோத்து முதலில் நிக்கல் தொட்டியில் இறக்குவான், பிறகு தங்கக் கரைசலில். மின்சாரம் பாய்ந்ததும் கண்ணெதிரே மஞ்சள் ஏறும். அடியில் துளி அழுக்கு இருந்தாலும் போதும், நாலு நாளில் பித்தளை பல்லை இளித்துவிடும்.

அவன் கோத்து முடித்த கம்பியை எரிச்சலோடு பிடுங்கி, அவளே இன்னொரு முறை தண்ணீரில் முக்கி எடுத்தாள். முதலில் அலசியபோது வளையல் முழுக்கப் படர்ந்து நின்ற தண்ணீர், இப்போது முத்து முத்தாகத் திரண்டு ஓடியது. எண்ணெய்ப் பிசுக்கு.

அவன் விரல்களைப் பார்த்தாள். அமிலம் பட்டுப் பட்டு வெடித்த விரல்கள். தினமும் காலையில் அவற்றுக்குத் தேங்காய் எண்ணெய் தடவிவிடுவது அவள்தான். கையுறை போட்டால் கம்பி வழுக்குகிறது என்று கோக்கும்போது அவன் கழற்றிவிடுவான்.

"உங்க கையில இருக்குற எண்ணெய்தாங்க இது."

அவன் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தெரியுமா உங்களுக்கு?"

"போன தடவையே சந்தேகமாத்தான் இருந்துச்சு."

"அப்புறம் ஏன் என் தலையில போட்டீங்க?"

"சொன்னா தடவுறதை நிறுத்திடுவியே."

அவளுக்குக் கோபம் வர வேண்டும். வந்தது, ஆனால் எழுந்து நிற்கக்கூட முடியாத கோபம்.

"நல்லா இருக்கு நியாயம். பொழப்பு போனா என் கையைப் பிடிச்சிக்கிட்டு உக்காந்திருப்பீங்களா? இனிமே வேலை முடிஞ்சப்புறம் தடவுறேன். தள்ளுங்க."

கோத்திருந்த அத்தனையையும் மறுபடி தேய்த்து, கையுறையோடு அவளே கோத்தாள். முலாம் ஏறிக் காய்ந்ததும் ஒரு வளையலில் ஒட்டும் டேப்பை அழுத்தி வெடுக்கென்று இழுத்தாள். டேப் வெறுமையாக வந்தது.

"உரியலை," என்றான் மெதுவாக.

"இன்னும் பாதி மூட்டை கிடக்கு."

அவன் கை நீட்டினான்.

"தொடாதீங்க. போய்த் தண்ணி தூக்கிட்டு வாங்க."

அவன் வாளியோடு போனான்.