படகுக்காரி சொன்னது

குப்புறப் படுத்துக் கிடப்பதுதான் இனி வைத்தியம் என்று கண் டாக்டர் சொன்னதும் லிஃப்ட் மெக்கானிக்குக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பல்லைக் கடித்து அடக்கிக்கொண்டார். அவர் மனைவி கணக்கு டீச்சர். நின்றுகொண்டே சாப்பிட்டு, நடந்துகொண்டே விடைத்தாள் திருத்துகிற பிறவி. பள்ளிக்கூடத்தில் மட்டுமில்லை, வீட்டிலும் அவளுக்குப் பெயர் டீச்சர்தான். அவளையா குப்புறப் போட்டு வைக்கப் போகிறார்கள்?

டாக்டர் சிரிக்கவில்லை. "உள்ள விழித்திரை கிழிஞ்சிருந்தது, ஒட்ட வெச்சிருக்கேன். கண்ணுக்குள்ள ஒரு வாயுக் குமிழி விட்டிருக்கேன். தலை குனிஞ்சே இருந்தாத்தான் அது மேல ஏறி, ஒட்டின இடத்தை அழுத்திப் பிடிக்கும். சும்மா சும்மா நிமிர்ந்தா பிஞ்சு வந்துடும். அப்புறம் என்கிட்ட வந்து பிரயோஜனமில்லை."

டீச்சருக்கு இன்னொரு கண் சின்ன வயசிலிருந்தே மங்கல். ஆக, இருப்பது இந்த ஒன்றுதான். மெக்கானிக்குக்குச் சிரிப்பெல்லாம் பறந்துபோயிற்று.

வீட்டுக்கு வந்ததும் ஒரு பலகையில் முகம் அளவுக்கு ஓட்டை போட்டார். பழைய கார் சீட்டின் ஸ்பாஞ்சை அதைச் சுற்றி ஒட்டி, கட்டிலின் தலைமாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும்படி திருகினார். டீச்சர் அதில் முகத்தைப் புதைத்துப் படுத்தாள். ஓட்டை வழியாக அவளுக்குத் தெரிந்தது ஒரு சதுரத் தரை. அதையும் அவள் விட்டுவைக்கவில்லை.

"என்னங்க, இந்த இடத்தைக் கூட்டவே இல்லையா?"

கூட்டினார். அடுத்த நிமிஷம் அடுப்பை அணைத்தாயிற்றா என்று பார்க்க எழுந்தாள். வாசல் மணி அடித்தால் எழுந்தாள், அடிக்காவிட்டால் ஏன் அடிக்கவில்லை என்று எழுந்தாள். மறுநாள் பரிசோதனையில் டாக்டர் முகத்தைச் சுருக்கினார். "ஓரம் லேசாத் தூக்குது. இப்படியே போனா கண்ணு தங்காது."

இந்தச் சமயத்தில்தான் மெக்கானிக்குக்கு ஒரு யோசனை வந்தது. டீச்சருக்கு உலகத்தில் ஒரே ஒரு பைத்தியம் உண்டு. கையடக்கமான ஒரு கேம் கருவி. அதில் ஆற்றங்கரை ஊர் ஒன்றைப் பற்றிய விளையாட்டு, பாகம் பாகமாக வந்தது. மற்றப் பாகங்களையெல்லாம் கரைத்துக் குடித்துவிட்டாள். கடைசிப் பாகம் மட்டும் ஜப்பானில் வெளியானதோடு நின்றுவிட்டது. அந்த விளையாட்டில் ஒரு படகுக்காரி உண்டு. எல்லாப் பாகத்திலும் வருவாள், "ஏறு, போகலாம்" என்பாள், அக்கரையில் விட்டுவிட்டுப் போய்விடுவாள். அவ்வளவுதான் அவள் பேச்சு. டீச்சருக்கு அவள்மேல் அப்படி ஒரு பிரியம். கடைசிப் பாகத்திலாவது அந்தப் பொம்பளை வாயைத் திறப்பாளா என்று வருஷக்கணக்காகக் காத்திருந்தாள்.

"கருவியோட நாட்டை ஜப்பான்னு மாத்திட்டா அந்தக் கேமை இறக்கிடலாமாம்," என்றார் மெக்கானிக். "நீ பாக்க வேணாம். உன் தங்கச்சி பக்கத்துல உக்காந்து ஆடட்டும். ஒவ்வொருத்தரும் என்ன பேசுறாங்கன்னு படிச்சுச் சொல்லட்டும். நீ தலையைத் தூக்காம கேளு. சரியா?"

பலகைக்கு அடியிலிருந்து, "எப்போ மாத்துவீங்க?" என்று குரல் வந்தது.

தங்கச்சிக்கு வீட்டில் வாயாடி என்று பெயர். செருப்புக் கடையில் வேலை. அக்காவைப் பார்த்துக்கொள்ள லீவு போட்டு வந்திருந்தாள். உண்மையைச் சொன்னால் மெக்கானிக்குக்கு அவள்மேல் பெரிய மதிப்பு கிடையாது. சாதம் வைத்தால் குழையும், துணி காயப்போட்டால் பறக்கும். வாய் மட்டும் ஓயாது.

இரண்டு பேரும் சமையலறையில் உட்கார்ந்து, கருவியின் அமைப்புக்குள் போய் நாடு என்ற இடத்தில் ஜப்பானைத் தேர்ந்தெடுத்தார்கள். மாற்றவா என்று கேட்டது. மெக்கானிக் பத்து மாடிக் கட்டடத்தில் கயிற்றைப் பிடித்துத் தொங்குகிற ஆள், அவரே ஒருமுறை வாயாடியைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார். அமுக்கினார். விளையாட்டுக் கடையைத் திறந்தால் ஒரு எழுத்துகூடப் புரியவில்லை.

"அந்தப் பெரிய சிவப்புப் பொத்தானை அமுக்குங்க மாமா," என்றாள் வாயாடி. "எந்த ஊர்க் கடையிலயும் வாங்குற பொத்தானைத்தான் பெரிசா வெப்பான்."

சொன்னது சரிதான். கேம் இறங்கியது. தொடக்கப் பாட்டு ஒலித்ததும் உள்ளேயிருந்து, "ஐயோ, அதே பாட்டு!" என்று ஒரு கத்தல்.

"தலை! தலை!" என்று மெக்கானிக் திருப்பிக் கத்தினார்.

பிறகுதான் இடி விழுந்தது. கேமுக்குள்ளும் ஜப்பான் மொழிதான். வேறு மொழி தேர்ந்தெடுக்க இடமே இல்லை. குரலும் கிடையாது, பாட்டும் எழுத்தும் மட்டும். போன் கேமராவைக் காட்டி மொழிபெயர்க்கச் சொன்னார்கள். 'மழை உங்கள் அத்தையை மன்னிக்கிறது' என்றது போன். அடுத்த வரிக்கு, 'நான் ஒரு பொத்தான்' என்றது.

"போச்சு," என்று தலையில் கை வைத்தார் மெக்கானிக். "அவகிட்ட என்னன்னு சொல்றது? இப்பவே எழுந்து வந்துடுவா."

வாயாடி திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். போனை அவர் கையில் திணித்தாள். கருவியை எடுத்துக்கொண்டு போய் அக்காவின் தலைமாட்டில், பலகை ஓட்டைக்குத் தெரியாத பக்கமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"அக்கா, ஆரம்பிச்சுடுச்சு. ஊர்ல வெள்ளம். பாலம் போச்சு. எல்லாரும் படகுக்காரி வீட்டுக் கதவைத் தட்டுறாங்க."

"அவ என்ன சொல்றா?"

"'இத்தனை வருஷம் ஏறினீங்க, இறங்கினீங்க. ஒருத்தராவது என் பேரைக் கேட்டீங்களா?'ங்கிறா."

மெக்கானிக் எட்டித் திரையைப் பார்த்தார். அதில் ஒரு கிழவர் கதவோரம் குடையைச் சாத்திக்கொண்டிருந்தார். அடிப்பாவி என்று நினைத்தார் மெக்கானிக். அன்று சாயங்காலம் வரை டீச்சர் தலையைத் தூக்கவில்லை.

சும்மா சொல்லக் கூடாது, அதற்குப் பிறகு அந்தப் பெண் செய்தது சாதாரணக் காரியமில்லை. டீச்சரிடம் கதை அளப்பது என்றால் என்ன விளையாட்டா? "நேத்து மூணு பிள்ளைங்கன்னு சொன்ன, இன்னைக்கு ரெண்டு பேர்தான் சாப்பிடுறாங்க. ஒருத்தன் எங்க?" என்று கேட்பாள். வாயாடி கண்ணைக்கூட இமைக்க மாட்டாள். "கோவிச்சுக்கிட்டு மாடியில உக்காந்திருக்கான். அதுக்குத்தான் இப்ப வரப்போறேன், நடுவுல பேசாதக்கா." அந்தப் பையன் இறங்கி வரும்போது ஒரு முழு நாள் கதை அவன் பின்னால் வரும். பாட்டு சோகமானால் கதையும் அழும், பாட்டு துள்ளினால் கதையும் துள்ளும். கட்டைவிரல் தன்பாட்டுக்குப் பொத்தானை அமுக்கிக்கொண்டே இருக்கும். ஆளுக்கு ஒரு குரல். வெள்ளச் சேதத்தை விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டருக்குக் கரகரத்த குரல். படகுக்காரிக்கு மட்டும் அடித்தொண்டையில், லேசான எரிச்சலோடு, கேட்டால் உடனே பிடித்துப்போகிற ஒரு குரல். மெக்கானிக் வேலைக்குக் கிளம்பும்போது சட்டைப் பொத்தானைப் போட்டபடியே கதவோரம் நின்றுவிடுவார். மேஸ்திரி போன் செய்து திட்டுவார்.

"எப்படி வாயாடி? எங்க பிடிக்கிற இதெல்லாம்?" என்று ஒருநாள் சமையலறையில் கேட்டே விட்டார்.

"கடையில நாள் முழுக்க ஜனங்க காலைத்தானே பாத்துட்டு இருக்கேன். கால் வெக்கிற தினுசுலயே ஆள் யாருன்னு தெரியும். இதுலயும் பொம்மைங்க நடக்குது, குந்துது, திரும்பிக்குது. அது போதாதா?" தட்டைக் கழுவியபடி சொன்னாள். தட்டு சரியாகக் கழுவப்படவில்லை. மெக்கானிக் அதைப் பேசாமல் வாங்கி மறுபடி கழுவினார். அன்றிலிருந்து அவளை ஒரு வேலையும் செய்யவிடவில்லை.

ஒரே ஒரு பயம் அவரை அரித்தது. டீச்சருக்குப் பொய் ஆகாது. ஒருமுறை அவர் நண்பர்களோடு டீ குடித்துக்கொண்டே 'வேலையில இருக்கேன்' என்று சொல்லப்போய், அவள் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இந்தக் குட்டு வெளிப்பட்டால் கோபத்தில் துள்ளி எழுவாள், கண் போகும். கண் பிழைத்த பிறகு தெரிந்தால் தங்கச்சி உறவு போகும்.

அப்புறம் அந்த நாள் வந்தது. பாட்டு ஒரேயடியாக இறங்கிப்போய், ஒற்றைக் குழல் மட்டும் ஒலித்தது. மெக்கானிக் திரையைப் பார்த்தார். ஆற்றங்கரையில் எல்லாரும் கறுப்பு உடுத்தித் தலை குனிந்து நிற்கிறார்கள். படகுக்காரியின் தொப்பி தண்ணீரில் தனியாக மிதந்து போகிறது. இதைப் புரிந்துகொள்ள எந்த மொழியும் வேண்டாம்.

வாயாடியின் கட்டைவிரல் நின்றுவிட்டது.

"என்னடி ஆச்சு?" பலகைக்கு அடியிலிருந்து குரல் பதறியது. "படகுக்காரிக்கு ஒண்ணும் இல்லையே?" டீச்சரின் இரண்டு கைகளும் கட்டில் சட்டத்தைப் பிடித்தன. இதோ எழுந்துவிடுவாள் என்று மெக்கானிக் ஓடி வந்தார்.

"படகுக்குத்தான்க்கா," என்றாள் வாயாடி. வந்த அழுகையையும் அப்படியே கதைக்குள் விட்டாள். "படகு உடைஞ்சு போச்சு. ஊரே கரையில நின்னு அழுவுது."

"அவ?"

"அவளா? ஒரு கல்லு மேல உக்காந்துட்டு எல்லாரையும் திட்டிட்டு இருக்கா. 'மரத்துக்கு எதுக்குடா அழறீங்க, நான் இங்க குத்துக்கல்லு மாதிரி உக்காந்திருக்கேன்'ங்கிறா."

டீச்சர் சிரித்தாள். கைகள் சட்டத்தை விட்டன. மெக்கானிக் முகத்தைத் துடைத்துக்கொள்ள வெளியே போனார். இந்தப் பெண்ணையா வாய் மட்டும்தான் என்று நினைத்தேன் என்று தன்னையே நொந்துகொண்டார்.

அதற்குப் பிறகு விளையாட்டில் படகுக்காரி வரவே இல்லை. கதையில் முன்னைவிட அதிகமாக வந்தாள். படகில்லாமல் எப்படி அக்கரை போவது என்று ஆற்றையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த இடத்தில்தான் டாக்டரிடம் போகிற நாள் வந்தது.

டாக்டர் விளக்கை அணைத்து, கண்ணுக்குள் வெளிச்சம் அடித்து, வெகுநேரம் பார்த்தார். "நல்லா ஒட்டிக்கிச்சு. பதினைஞ்சு நாள் அசையாம கிடந்திருக்கீங்க, பெரிய விஷயம். இனி நிமிரலாம். திரையும் கொஞ்ச நேரம் பாக்கலாம்."

வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் டீச்சர் கையை நீட்டினாள். "கேமைக் கொடுங்க."

கருவி சமையலறையில் சார்ஜில் இருந்தது. மெக்கானிக் அதைப் பிடுங்கி அமைப்புக்குள் போனார். "அழிச்சிடறேன். நாட்டைத் திருப்பி மாத்தினதுல கேம் போயிடுச்சுன்னு சொல்லிடலாம்," என்று கிசுகிசுத்தார்.

வாயாடி அவர் கையைப் பிடித்தாள். "வேணாம் மாமா. அவ எத்தனை வருஷமாக் காத்துட்டிருந்தா. பாக்கட்டும். என்னைத் திட்டினாத் திட்டட்டும்."

அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

டீச்சர் திரையைப் பார்த்தாள். ஒரு எழுத்தைக்கூட அவளால் படிக்க முடியவில்லை. நிமிர்ந்து தங்கையைப் பார்த்தாள். தங்கை தரையைப் பார்த்தாள். டீச்சர், நடந்த காட்சிகளை வரிசையாகத் திரும்பக் காட்டுகிற பக்கத்தைத் தேடிப் பிடித்தாள். பழைய பாகங்களிலும் அது அதே மூலையில்தான் இருந்தது. ஒவ்வொரு படமாகத் தள்ளினாள்.

"இன்ஸ்பெக்டர், இன்ஸ்பெக்டர்னு சொன்னியே. இது ஆடு."

"கண்ணாடி போட்டிருக்குக்கா," என்றாள் வாயாடி, கேட்கவே முடியாத குரலில்.

டீச்சர் சிரிக்கவில்லை. தள்ளிக்கொண்டே போனாள். குழல் ஒலித்தது. கறுப்பு உடை, குனிந்த தலைகள், தண்ணீரில் தொப்பி. அந்தப் படத்தில் அவள் விரல் நின்றது. நின்றது நின்றதுதான்.

"இவ அன்னைக்கே செத்துட்டாளா?" என்றாள் டீச்சர்.

வாயாடி மெல்லத் தலையை ஆட்டினாள்.

"அப்போ இத்தனை நாளா என்கிட்ட பேசிட்டிருந்தது யாரு?" குரல் உடைந்தது. "நீதானா?"

"நீ எழுந்துடுவியோன்னு பயந்துட்டேன்க்கா," என்று வாயாடி ஓவென்று அழுதாள். "உன் கண்ணு போயிடுமோன்னு பயம். வேற ஒண்ணுமில்லக்கா."

டீச்சர் அந்த ஒரு கண்ணால் அவளையே பார்த்தாள். மெக்கானிக் திட்டுக்குக் காத்திருந்தார். டீச்சர் எழுந்து கருவியைத் தங்கையின் மடியில் வைத்தாள். நேராகக் கட்டிலுக்குப் போனாள். பலகையை அவர் இன்னும் கழற்றியிருக்கவில்லை. அவளாகவே குப்புறப் படுத்து, ஸ்பாஞ்சில் முகத்தைப் பதித்துக்கொண்டாள்.

"செத்தவளை இவ்வளவு தூரம் இழுத்துட்டு வந்துட்ட. பாதியில விட்டுடாத," என்று பலகைக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "படகு இல்லாம எப்படிடி ஆத்தைக் கடந்தா?"

மெக்கானிக் கதவோரம் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். வாயாடி மூக்கை உறிஞ்சினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தலைமாட்டில் வந்து சம்மணம் போட்டாள். கருவியை அணைத்துத் தள்ளி வைத்தாள்.

"அது பெரிய கதைக்கா," என்றாள், அடித்தொண்டையைச் செருமிக்கொண்டு. "முதல்ல அவ நேரா இன்ஸ்பெக்டரைப் போய்ப் பாத்தா."