வாயில் கரையும் ஐந்து நிமிஷம்

மாமனாருக்கு பிரஷர் பார்ப்பது நான்கு வருஷமாக மூத்த மருமகளின் பொறுப்பு. நடைப்பயிற்சி முடித்து மூன்று மாடி ஏறி அவர் உள்ளே வருவார். மருந்துக்கடை வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் அவள் அவர் கையில் பட்டையைச் சுற்றி, எண்ணை நோட்டில் குறித்துக்கொண்டு ஓடுவாள். நூற்றைம்பதுக்குக் கீழே இறங்கியதே இல்லை. அந்த நோட்டைப் பார்த்துத்தான் டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். அதிலிருந்து, உட்கார்ந்து எழுந்தால் தலை சுற்றுகிறது என்கிறார் மனுஷன்.

போன வாரம் அவளுக்கு அதிகாலை ஷிஃப்ட். அளக்கும் வேலை இளையவள் கைக்குப் போனது. ஏழு நாளும் நூற்று முப்பதைத் தாண்டவில்லை.

"எல்லாம் சின்னவ குடுத்த டார்க் சாக்லேட்! தினம் ஒரு துண்டு. கசப்பு, ஆனா அமிர்தம்!" மாமனாருக்கு வாய் ஓயவில்லை.

மூத்தவளுக்கு வயிறு எரிந்தது. நாயாக உழைத்தவள் ஒருத்தி, பேர் வாங்குகிறவள் இன்னொருத்தியா?

"கோகோல இருக்கிற சத்து ரத்தக்குழாயைத் தளர்த்தும், உண்மைதான். வழி அகலமானா அழுத்தம் குறையும். ஆனா ரெண்டு மூணு புள்ளிதான் மாமா. இருபதெல்லாம் இறங்காது."

"எங்கேயோ புகையுதே!" என்று சிரித்தார் அவர்.

குட்டு உடையட்டும் என்று, விடுமுறையன்று கதவோரம் நின்று பார்த்தாள். இளையவள் அவரை நாற்காலியில் சாய்த்து, ஒரு துண்டை வாயில் போட்டாள். "கடிக்காதீங்க மாமா, பேசவும் கூடாது. தானா கரையட்டும்." ஐந்து நிமிஷம். அவருக்கு மூச்சு அடங்கியது. அதன் பிறகுதான் பட்டை.

மூத்தவளுக்குப் பகீரென்றது. படியேறினால் இதயம் வேகமாகத் தள்ளும், அழுத்தம் எகிறும். உட்கார்ந்து ஆறிய பிறகே அளக்க வேண்டும். கடைக்கு வருகிறவர்களுக்கு அவளே தினம் சொல்லும் பாடம்.

சொன்னால் சாக்லேட்டின் பெருமை கவிழும். கூடவே தன் நோட்டும் கவிழும். சொல்லாவிட்டால் அவருக்குத் தலை சுற்றிக்கொண்டே இருக்கும்.

மறுநாள் அவளே அவரை உட்கார வைத்தாள். சாக்லேட் இல்லை, வெறும் ஐந்து நிமிஷம். நூற்று முப்பத்திரண்டு.

"என்னம்மா இது, சாக்லேட் இல்லாமலேவா?"

"நாலு வருஷமா உங்களுக்கு மூச்சு வாங்கும்போதே அளந்திருக்கேன் மாமா. டாக்டர்கிட்ட நானே சொல்லிடறேன்."

இளையவள் சிரிப்பாள் என்று பயந்தாள். அவளோ ஒரு துண்டு உடைத்து நீட்டினாள். மூத்தவள் வெடுக்கென்று கடித்தாள்.

"சீ, என்ன கசப்பு!"

"கடிக்காதீங்கக்கா. கரையட்டும்."

இதையும் இவள்தான் சொல்லித் தரணுமா என்று எரிந்துகொண்டே, மூத்தவள் நாற்காலியில் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டாள்.