வாரேன்னு போற தண்ணி

ஊர்க்கூட்டம் முடிந்ததும் மின்வாரியச் செயற்பொறியாளர் கோதண்டபாணிக்குத் தலைகால் புரியவில்லை. மெட்ராஸிலிருந்து மாற்றலாகி வந்த மனிதர். ஜீப்பில் ஏறும்போதே பூரித்துப்போனார்.

"பார்த்தீங்களா சித்திகா, நம்ம அணைக்கு ஊரே ஒத்துக்கிச்சு! 'பாக்கலாமுங்க'ன்னு எவ்வளவு மரியாதையா சொன்னாங்க!"

அவருடைய உதவிப் பொறியாளர் சித்திகா தலையாட்டவில்லை. அவள் கோவை கோட்டைமேட்டில் பிறந்து வளர்ந்தவள். கொங்குநாட்டில் 'பாக்கலாமுங்க' என்றால் முடியாது என்று அர்த்தம். பட்டென்று சொன்னால் வந்தவர் மனம் நோகுமே என்று, இல்லை என்பதைக்கூடப் பன்னீர் தெளித்துக் கொடுக்கிற சனம்.

ஆனைமலை அடிவாரத்தில், நெல்லிப்பள்ளம் என்ற ஓடையை நம்பிப் பிழைக்கும் ஊர் அது. மலைமேல் ஓர் அணை, கீழே ஓர் அணை கட்ட வேண்டும். ராத்திரி யாருக்கும் வேண்டாமல் மிஞ்சுகிற மின்சாரத்தால் கீழ்த்தண்ணீரை மேலே ஏற்ற வேண்டும். சாயங்காலம் ஊரெல்லாம் விளக்குப் போடும்போது அதையே இறக்கி மின்சாரம் எடுக்க வேண்டும். சித்திகா இரண்டு வருஷமாக மலையேறி இறங்கி, அளந்து போட்ட திட்டம் இது. கீழ் அணைக்குப் பாறை தாங்குமா என்று துளை போட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. துளை போடும் மெஷின் போவதற்கு அழகிரிசாமியின் தென்னந்தோப்பை விட்டால் வழியில்லை. இந்த மாதம் துளை விழாவிட்டால் திட்டம் வேறு மாவட்டத்துக்குப் போய்விடும் என்று மேலிடம் சொல்லியிருந்தது. அப்படிப் போனால் அவள் மலையேறியது அத்தனையும் வீண்.

மறுநாள் காலையில் பஸ் பிடித்துத் தனியாகவே தோட்டத்துக்குப் போனாள். அழகிரிசாமியின் மனைவி பங்காரம்மா காபி கொடுத்தார். அழகிரிசாமி சுற்றி வளைக்காமல் கேட்டார்.

"ஏனுங்க அம்மணி, தண்ணிய ஏத்தறதுக்கும் கரண்ட் வேணும். எறக்கி எடுக்கறதும் கரண்ட்டுதான். இதென்னுங்க வெளையாட்டு?"

"போட்டது முழுசும் திரும்பி வராதுங்க, கொஞ்சம் நட்டந்தான். ஆனா ராத்திரி வீணாப்போறத சாயங்காலத்துக்கு எடுத்து வெக்கறமுங்க."

"அதுஞ் சரி. மேல போன தண்ணி போனதுதானுங்களே? என்ற தென்னைக்கு ஏதுங்க தண்ணி?"

"மொதல்ல ரொப்பறதுக்கு மழ வெள்ளத்த எடுப்பமுங்க. அப்பறம் அதே தண்ணிதான் ஏறி எறங்கும். வெயிலுக்குக் காயறத மட்டும் அடுத்த மழையில எடுத்துக்குவோம்."

அழகிரிசாமி தென்னைகளைப் பார்த்தார். பிறகு அந்தப் பாழாய்ப்போன வார்த்தையைச் சொன்னார்.

"பாக்கலாமுங்க."

முடிந்தது கதை என்று சித்திகா எழுந்தாள். "சரிங்க, வாரேனுங்க" என்று சொல்லிப் படி இறங்கினாள்.

"வா கண்ணு" என்றார் பங்காரம்மா.

நாலடி போனவள் சட்டென்று நின்று திரும்பினாள்.

"ஏனுங்கம்மா, நான் போறேன். ஆனா வாரேன்னுதானுங்களே சொன்னேன்?"

"பின்ன, கெளம்பறப்ப போறேன்னு யாராச்சும் சொல்லுவாங்களா?"

"இந்தத் தண்ணியும் அப்புடித்தானுங்க. மேல போறப்பவே வாரேன்னு சொல்லிப்போட்டுத்தான் போகுது."

பங்காரம்மா வாய்விட்டுச் சிரித்தார். அழகிரிசாமி மட்டும் அசையவில்லை.

"வாரேன்னுட்டுப் போன இவ அண்ணன் கோவிச்சுக்கிட்டு இன்னும் இந்த ஊட்டுப் பக்கம் வல்லீங்க அம்மணி."

"தண்ணிக்கு மச்சானாட்ட ரோசமெல்லாம் இல்லீங்க. கதவத் தெறந்தா எறங்கி வந்துதான் ஆகோணும்."

அழகிரிசாமியின் மீசை துடித்தது. சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றுப்போனார். கண்ணில் நீர் வரச் சிரித்து முடித்துத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மிசினு கூட எத்தன பேரு வருவாங்க? சோறாக்கோணுமில்லீங்க."

சித்திகாவுக்கு உச்சி குளிர்ந்தது. ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து தனக்குத்தானே சிரித்துக்கொண்டே வந்தாள்.

அடுத்த வாரம் லாரியில் மெஷின் வந்தது. முன்னால் ஜீப்பில் கோதண்டபாணியும் சித்திகாவும். ஊரே வேடிக்கை பார்க்க நின்றது. அழகிரிசாமி தோட்டத்துக் கேட்டின் தாழ்ப்பாளில் கை வைத்தார்.

"ஏனுங்க சார், மத்தியானம் எல்லாரும் நம்மூட்லதான் சாப்புடோணும்" என்றார் பங்காரம்மா.

கோதண்டபாணி கைகூப்பினார். ஊர் மரியாதை தனக்கும் தெரியும் என்று காட்ட வேண்டாமா?

"பாக்கலாமுங்க!"

பங்காரம்மாவின் முகம் விழுந்தது. தாழ்ப்பாளில் இருந்த கை அப்படியே நின்றது. லாரி சும்மா உறுமிக்கொண்டிருந்தது.

சித்திகா கோதண்டபாணியின் காதருகே பல்லைக் கடித்தாள். "வாரேன்னு சொல்லுங்க சார்!"

"வாரேனுங்க!" என்று அலறினார் கோதண்டபாணி. "கட்டாயம் வாரேனுங்க!"

அழகிரிசாமி கேட்டை அகலத் திறந்துவிட்டார்.